கார் செட் வேண்டுமா என்று கேட்ட மகனுக்கு

தம்பி,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை அம்மாவின் போனில் நான்கு தடவை போட்டுக் கேட்டேன். “அப்பா, திங்கக்கெழமைக்குள்ள ஷோரூம்ல கன்ஃபர்ம் பண்ணணும். கார்ல பெரிய செட்டு போடலாமா வேணாமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. வேணாம்னா வேணாம். ஆனா அன்னைக்கு அந்தக் கத்து கத்துனீங்களே, அது ஏன்னு காரணத்தையும் சேத்துச் சொல்லுங்க.” அவ்வளவுதான். வழக்கமாகக் கடைசியில் ‘சாப்டீங்களா’ என்று கேட்பாய். இந்தத் தடவை அது இல்லை. பதினோரு நாளாக நீ பேசாமல் இருந்ததை ஆபீஸ் வேலை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன், அதற்கும் வழியில்லாமல் போய்விட்டது.

போனிலேயே பதில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் நீ பேசுவதில் பாதி எனக்குக் காதில் விழுவதில்லை. முப்பது வருஷம் டிப்பர் லாரியின் ஜன்னலோரம் இருந்த வலது காது ஏறக்குறைய போய்விட்டது. நீ ஏதாவது சொல்லும்போது “சரிப்பா, சரிப்பா” என்கிறேனே, அதெல்லாம் குத்துமதிப்பாகச் சொல்வது. போன தீபாவளிக்கு லீவு கிடைக்கவில்லை, வர முடியாது என்று நீ சொன்னதற்கு “ரொம்ப சந்தோஷம்பா” என்றேனாம். அம்மா அதைத் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள். ஆனால் எழுதுவதற்குக் காரணம் காது மட்டும் இல்லை. இதை எழுத்தில் கொடு என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அதனால் இந்தக் கடிதம் உனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று என்று இரண்டு பிரதியாகப் போகிறது. கவரை ஒட்டாமல்தான் அனுப்புகிறேன். யார் வேண்டுமானாலும் படிக்கட்டும்.

முதலில் பாட்டுச் செட்டு விஷயத்தை முடித்துவிடுகிறேன். அதில் எனக்கும் கொஞ்சம் தெரியும் என்பது உனக்குத் தெரியும். அரியலூர் லைனில் ஓடிய டிப்பர்களிலேயே என் வண்டிச் செட்டுதான் பேர் வாங்கியது. சீட்டுக்குப் பின்னால் பெட்டி, கதவுக்குக் கதவு ஸ்பீக்கர், தலைக்கு மேலே இரண்டு ட்வீட்டர். சுண்ணாம்புத் தூசி உள்ளே போகாமல் இருக்க அம்மாவின் பழைய வாயில் புடவையைக் கிழித்து எல்லாவற்றுக்கும் முகமூடி கட்டியிருந்தேன். லோடு இறக்க வரிசையில் நிற்கும்போது மற்ற டிரைவர்கள் டீ கிளாசோடு வந்து என் வண்டிப் பக்கம் நிற்பார்கள். அந்தப் பவுசு எனக்குப் பிடித்திருந்தது. அதனால் பாட்டு கேட்பது தப்பு, பணத்தைக் கரியாக்காதே என்று உனக்கு நான் உபதேசம் செய்யப் போவதில்லை.

ஆனால் அன்றைக்கு ஷோரூமில் நின்றுகொண்டிருந்த காரில் கேட்ட பாட்டை வைத்து முடிவு செய்யாதே. ஷோரூம்காரர் கெட்டிக்காரர். கண்ணாடியை ஏற்றி, ஏசியைக் குறைத்து, அவருக்கு வேண்டிய பாட்டைப் போட்டார். அப்படிப் போட்டால் எந்தச் செட்டும் நன்றாகத்தான் பாடும். வேகத்துக்கென்றே செய்த இந்த மாதிரிக் காருக்கு டயர் அகலம், உட்காரும் இடமோ தரையோடு தரை. வேகம் நூறைத் தொட்டதும் ரோட்டு இரைச்சல் முழுக்க உள்ளே வந்துவிடுகிறது. வீணைக் கம்பி அதிர்கிறது, தபலாவில் விரல் படுகிறது என்று அவர் காட்டினாரே, அந்தச் சன்னமான சங்கதிக்குத்தான் கூடுதல் விலை. ஓடும்போது முதலில் காணாமல் போவதும் அதுதான். கூடவே அந்த பேஸ் பெட்டி டிக்கியில் பாதியைப் பிடித்துக்கொள்கிறது. ஏற்கெனவே அந்த டிக்கியில் ஒரு தேங்காய் மூட்டை ஏறாது. இன்னொன்றும் அவர் பெருமையாகச் சொன்னார்: இன்ஜின் உறுமுகிற சத்தத்தையும் அந்த ஸ்பீக்கர் வழியாகவே கூட்டிக் கொடுக்கிறார்களாம். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். இன்ஜின் சத்தத்தைக் கேட்டு வண்டிக்கு என்ன நோவு என்று சொல்கிற ஆளிடம் போய், இன்ஜின் சத்தத்தையே செட்டில் போட்டுக் காட்டுகிறார்கள். ஆக, பெங்களூர் சிக்னலில் தினம் இரண்டு மணி நேரம் நின்று நின்று போகத்தான் அந்தக் கார் என்றால் பெரிய செட்டு போடு, போட்ட காசுக்குப் பலன் உண்டு. ஓட்டுவதற்காகத்தான் அந்தக் கார் என்றால் கம்பெனி கொடுக்கிற சாதாச் செட்டே போதும்.

இது ஒரு செட்டுப் பைத்தியக்காரனின் பதில். இதோடு நிறுத்திக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் நீ காரணம் கேட்டாய்.

அன்றைக்குத் திருச்சி ஷோரூமில் நீ அந்தக் கதையைச் சொன்னாய். “எங்கப்பா லாரியில ஒரு செட்டு வச்சிருந்தாரு சார். எனக்கு ஒம்பது வயசு. மைன்ஸுக்குள்ள போய்க்கிட்டு இருக்கோம், அப்பா பேஸ ஏத்தி விட்டாரு பாருங்க, பூமியே ஆடிச்சு, மேல இருந்து கல்லு கொட்டுச்சு. அந்த மாதிரி ஒரு செட்டு என் கார்ல இருக்கணும்னு அன்னைக்கே நெனச்சேன்.” ஷோரூம்காரர், “அப்ப இந்தச் செட்டு உங்களுக்குன்னே வந்தது சார்” என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். நீ என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாய். நானும் சிரித்தேன். அந்தக் கதையை நீ காலேஜில் சொல்லியிருக்கிறாய், உன் சித்தப்பா மகள் கல்யாணத்தில் மைக்கைப் பிடித்துச் சொல்லியிருக்கிறாய். ஒவ்வொரு தடவையும் நான் இப்படித்தான் சிரித்தேன்.

பிறகு நான்குவழிச் சாலையில் ஓட்டிப் பார்க்கப் போனோம். பின்சீட்டில் ஷோரூம்காரர் மடக்கிய குடை மாதிரி உட்கார்ந்திருந்தார். பாடாலூர் தாண்டித் திரும்பி வரும்போது நீ செட்டை ஏற்றினாய். பாட்டு தொடை வழியாக ஏறி நெஞ்சுக்கு வந்தது. நீ ஸ்டியரிங்கில் தாளம் போட்டாய். எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. தற்செயலாகப் பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தேன். பின்னால், முட்டுகிற தூரத்தில், ஒரு ஆம்புலன்ஸ். சிவப்பும் நீலமுமாக விளக்கு சுற்றிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக வந்துகொண்டிருந்ததோ தெரியாது. நீ வலதுபக்கத் தடத்தில் வழியை அடைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தாய். “ஒதுங்குடா! ஒதுங்குடா நாயே!” என்று கத்தினேன். உன் கையைத் தட்டிவிட்டு அந்தச் செட்டை அணைத்தேன். அணைத்த நொடியில் சங்குச் சத்தம் காருக்குள் கொட்டியது. ஆம்புலன்ஸ் நம்மைத் தாண்டிப் போகும்போது உள்ளே ஒரு பெண் குளுக்கோஸ் பாட்டிலை உயர்த்திப் பிடித்தபடி நம்மைப் பார்த்ததை நீ கவனித்தாயா என்று தெரியவில்லை. நீ என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். முப்பது வயதுப் பிள்ளையை, வேற்று ஆள் முன்னால், நாயே என்று சொன்னேன். அதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அந்த வார்த்தை உனக்குச் சொன்னதில்லை. வேறொரு டிரைவருக்குச் சொல்லியிருக்க வேண்டியது, இருபது வருஷம் பிந்தி வாயில் வந்தது.

அன்றைக்குப் பூமி ஆடியது நம் செட்டால் இல்லை, தம்பி. எந்தச் செட்டாலும் பூமி ஆடாது. அது வெடி. மைன்ஸில் பாறையை உடைக்க வைக்கிற வெடி. அது வெடிக்கும்போது நாம் இரண்டு பேரும் அதற்குப் பக்கத்தில் இருந்தோம்.

உனக்குக் கோடை லீவு. அம்மா கீழப்பழுவூரில் உன் மாமா வீட்டுக்குப் போயிருந்தாள். லாரியில் வருவேன் என்று நீ அடம்பிடித்தாய். மைன்ஸுக்குள் பிள்ளைகளைக் கூட்டிப் போகக் கூடாது, அது கண்டிப்பான சட்டம். கேட்டில் செக்யூரிட்டி பார்க்கும்போது உன்னைச் சீட்டுக்குக் கீழே படுக்க வைத்துத் துண்டைப் போட்டு மூடினேன். நீ அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு கிடந்தாய். உள்ளே போனதும் உனக்குப் பெருமை காட்ட வேண்டும் என்று கண்ணாடி இரண்டையும் ஏற்றிவிட்டுச் செட்டை முழுசாகத் திருப்பினேன். தூசிக்காகக் கண்ணாடியை ஏற்றினேன் என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பாட்டுக்காகத்தான் ஏற்றினேன்.

வெடி வைக்கும் முன் மூன்று தடவை சங்கு ஊதுவார்கள். முதல் சங்குக்கு ஆட்கள் விலக வேண்டும், இரண்டாவதற்கு வண்டிகள் நிற்க வேண்டும், மூன்றாவதோடு திரியைப் பற்ற வைத்துவிடுவார்கள், அதன்பிறகு வெடியை நிறுத்த முடியாது. கைப்பிடியைச் சுற்றினால் சைரன் மாதிரி ஊதுகிற சங்கு அது. சுற்றுகிறவர் பேர் கலியமூர்த்தி, செந்துறைப் பக்கத்து ஆள், என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். சங்கும் அவர் பொறுப்பு, சிவப்புக் கொடியும் அவர் பொறுப்பு. சுற்றுவதற்கு இரண்டு கையும் வேண்டும் என்பதால் கொடியை வளைவில் கல் குவியலில் செருகி வைத்துவிட்டு மேட்டில் நின்று சுற்றுவார். நான் வளைவுக்கு வந்தபோது அடுத்த பாட்டை மாற்றக் குனிந்திருந்தேன். கொடியைப் பார்க்கவில்லை. சங்கைக் கேட்கவில்லை. பள்ளத்தில் இறங்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நீயே நூறு தடவை சொல்லியிருக்கிறாய். வண்டி ஒரு முழம் எழும்பி உட்கார்ந்தது. பின்னால் பாடியில் கல் விழுந்தது தகர வீட்டில் மழை பெய்கிற மாதிரி இருந்தது. ஒரு கல், உன் தலையைவிடப் பெரியது, பானெட்டுக்கு இரண்டடி முன்னால் விழுந்து உருண்டது. வெளியே ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் வெள்ளைப் புழுதி. நீ கைதட்டினாய். “அப்பா, இன்னொரு தடவ பேஸ் வைங்கப்பா!” என்றாய். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் அணைத்தேன். அப்போது ஒரு சத்தம் கேட்டது. வெடி வெடித்து முடிந்த பிறகும் சங்கு ஊதிக்கொண்டிருந்தது. நான் உள்ளே இறங்கியதைப் பார்த்த அந்த மனிதர் மூன்றாவதோடு நிறுத்தாமல், ஒருவேளை கேட்டுவிட மாட்டானா என்று சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்.

சங்கு நின்றது. கொஞ்ச நேரத்தில் புழுதிக்குள்ளிருந்து கலியமூர்த்தி ஓடி வந்தார். சங்கின் இரும்புக் கைப்பிடி அவர் கையிலேயே இருந்தது. “ஏய்யா டிரைவரே, காது இல்லையாய்யா உனக்கு? கை வலிக்க வலிக்கச் சுத்துறேன்…” என்று கதவைத் திறந்தவர் உன்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். “புள்ளையையா கூட்டிக்கிட்டு வந்த?” என்று மெல்லக் கேட்டார். உன்னைத் தூக்கி இறக்கி, தலை, கை, கால் எல்லாம் தடவிப் பார்த்தார். நீ அவரிடம், “மாமா, எங்கப்பா செட்டு பேஸ் பாத்தீங்களா? மலையே ஆடுச்சு” என்றாய். அவர் என்னைப் பார்த்தார். ஸ்பீக்கரைப் பார்த்தார். ஏற்றியிருந்த கண்ணாடியைப் பார்த்தார். “பாத்தேன் சாமி, பாத்தேன்” என்று உன்னிடம் சொல்லிவிட்டு என் பக்கம் குனிந்தார். “சீட்டுக்கு அடியில படுக்க வச்சு மொதல்ல வெளியே ஓட்டிக்கிட்டுப் போ. புள்ள இருந்தத நான் பாக்கல.”

மறுநாள் காலை ஆபீசில் விசாரணை. வெடி வைக்கிற இடத்துக்குள் லாரி எப்படிப் போனது என்று மேனேஜர் கேட்டார். வீட்டிலிருந்து கிளம்பும்போது உண்மையைத்தான் சொல்ல நினைத்திருந்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அப்படி ஒன்றும் நினைக்கவில்லை. கேட் பாஸ் போய்விடும், வண்டி வாசலில் நிற்கும், அதுதான் மனசு முழுக்க. “சங்கு கேட்டுச்சா, கேக்கலையா?” என்றார். “கேக்கலைங்க சார்” என்றேன். அதுவரைக்கும் பொய் இல்லை. அதோடு வாயை மூடியிருந்தால்கூட ஏதோ ஒரு மாதிரி இருந்திருக்கும். “கேக்கலையா, ஊதலையா?” என்று மறுபடி கேட்டார். “ஊதவே இல்லைங்க சார்” என்றேன்.

மற்ற டிரைவர்களையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஆபீசில் ஒரு டிரைவர் சொன்னதை இன்னொரு டிரைவர் மறுத்துப் பேச மாட்டார். நாளைக்குத் தனக்கும் இந்த நிலைமை வரும் என்று எல்லோருக்கும் தெரியும். நான் எத்தனையோ பேருக்கு அப்படி வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றைக்கு எனக்காக நான்கு பேர் வரிசையாக நின்று, எங்களுக்கும் கேக்கலைங்க என்றார்கள். அவர்கள் எல்லோரும் சங்கு கேட்டு வண்டியை நிறுத்தி இறங்கி நின்றவர்கள். கலியமூர்த்தி, “மூணு தடவையும் ஊதினேங்க. இவரு உள்ள போறதப் பாத்துட்டு நிறுத்தாம ஊதினேங்க” என்றார். “அப்ப இத்தனை பேரும் பொய் சொல்றாங்களா? நீ உக்காந்த எடத்துல தூங்கிட்ட” என்றார் மேனேஜர். கலியமூர்த்தி என்னைப் பார்த்தார். ஒரே ஒரு வார்த்தை அவரிடம் இருந்தது. இந்த ஆள் ஒன்பது வயசுப் பிள்ளையை ஒளித்துக் கூட்டி வந்து, செட்டைப் போட்டுக்கொண்டு போனான் என்று சொல்லியிருந்தால் அங்கேயே என் கதை முடிந்திருக்கும். பிள்ளையைப் பார்க்கவில்லை என்று எனக்குக் கொடுத்த வாக்கை அவர் காப்பாற்றினார். இடுப்பில் செருகியிருந்த சங்கின் கைப்பிடியை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு வெளியே போனார். அதன்பிறகு அவருக்கு அங்கே வேலை இல்லை.

வெடி வெடித்த அன்று வீட்டுக்கு வந்ததும் நீ, “அப்பா, நம்ம பேஸாலதான கல்லு கொட்டுச்சு?” என்று கேட்டாய். ஆமாம் என்றேன். உன் வெள்ளைச் சட்டையில் தோள் பக்கம் சிவப்பாக ஒரு கறை இருந்தது. அது என்ன என்றும் கேட்டாய், செம்மண் என்றேன். சுண்ணாம்புக்கல் மைன்ஸில் செம்மண் எங்கிருந்து வரும் என்று கேட்கிற வயது இல்லை உனக்கு. அடுத்த மாதம் நானே ஸ்பேனரை எடுத்துச் செட்டைக் கழற்றினேன். நீ அழுதாய், கெட்டுப் போச்சு என்றேன். கெடவில்லை. நம் வீட்டுப் பரணில், பழைய சிமெண்டுச் சாக்கில், இன்னும் இருக்கிறது. விற்கவும் மனசு வரவில்லை, தூக்கிப் போடவும் தைரியம் வரவில்லை.

உன் மெசேஜ் வந்த அன்றைக்கு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். “எம்புள்ளய வெடிக்குள்ளயா ஓட்டிக்கிட்டுப் போனீங்க?” என்றாள். பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் வந்தது. மூன்றாம் நாள் காலையில் சட்டையைத் தேய்த்து வைத்துவிட்டு, “மொதல்ல அந்த மனுசன் வூட்டுக்குப் போயி சொல்லிட்டு வாங்க. அதுக்கப்புறம் புள்ளைக்கு எழுதுங்க. அவருகிட்ட சொல்லாம புள்ளகிட்ட மட்டும் சொன்னா அது வெறும் பொலம்பல்” என்றாள். நான் முப்பது வருஷம் வண்டி ஓட்டினேன், வழி தெரிந்தவள் அவள்தான்.

நேற்று செந்துறை பஸ் ஏறினேன். இத்தனை வருஷத்தில் அந்த பஸ்ஸில் ஏற நான் துணிந்ததில்லை. ஒரு தடவை பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அவரைத் தூரத்தில் பார்த்துவிட்டு ஒரு கடைக்குள் புகுந்து தேவையே இல்லாமல் ஒரு குடை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். அந்தக் குடையைத்தான் நீ பெங்களூருக்கு எடுத்துப் போனாய். கலியமூர்த்தி வாசலில் முந்திரிக்கொட்டையைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. நான் பேர் சொல்வதற்கு முன்பே, “என்ன டிரைவரே” என்றார். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொல்லி முடித்தேன். அவர் கொட்டையைக் கையால் பரப்பிக்கொண்டே கேட்டார்.

“இதுல என்னா புதுசா சொல்ற? நீ பாட்டுப் போட்டுக்கிட்டுப் போனது எனக்கு அன்னைக்கே தெரியும்” என்றார். “வந்து சொல்லுவன்னு ஒரு வருசம் பாத்தேன். அப்புறம் பாக்கல.”

“மன்னிச்சிருங்கண்ணே” என்றேன்.

“அத வச்சிக்கிட்டு நான் என்னா பண்ண? எம்மவனுக்கு அப்ப பத்து வயசு. பள்ளிக்கூடத்துல தூங்குமூஞ்சி மவன், தூங்குமூஞ்சி மவன்னு கூப்பிட்டானுங்க. நான் தூங்கலடான்னு சொன்னேன். ‘அப்ப எல்லாருமா பொய் சொல்றாங்க’ன்னு கேட்டான். மேனேஜர் கேட்ட அதே கேள்வி. இன்னைக்கும் பேரப்புள்ளய எங்கிட்ட வுட்டுட்டுப் போகையில ‘அப்பா, தூங்கிராதீங்க’ன்னு சொல்லிட்டுத்தான் போறான். கோவமா சொல்றதில்ல, பாசமாத்தான் சொல்றான். அதான் தாங்கல.” கை ஓரிடத்தில் நின்றது. “எழுதிக் குடு. அவன் படிக்கட்டும். ஆனா எழுத்து மட்டும் பத்தாது. ரெண்டு கெழவனுவளும் சேந்துக்கிட்டுக் கத கட்டுறானுவன்னு நெனப்பான். அந்தப் புள்ள இருந்தான்ல? அவன் வந்து சொல்லட்டும்.”

அப்போதுதான் அவர் உள்ளங்கையைப் பார்த்தேன். இரண்டு கையிலும் குறுக்காகத் தழும்பு. அன்றைக்குத் தோல் உரிந்து ரத்தம் வரும் வரைக்கும் அந்தக் கைப்பிடியைச் சுற்றியிருக்கிறார். அந்தக் கையால்தான் உன்னைத் தோளைப் பிடித்து இறக்கினார். உன் சட்டையில் இருந்தது அதுதான், தம்பி. தூங்கிப்போன ஆளுக்கு உள்ளங்கை உரியாது. ஆபீசில் அந்தக் கையைக் காட்டு என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கறையைப் பார்த்த கண்கள் உலகத்தில் இரண்டு ஜோடிதான், என்னுடையதை யாரும் நம்ப வேண்டியதில்லை.

உன்னுடைய சந்தோஷமான கதையை நான் பிடுங்கிக்கொண்டேன் என்று தெரிகிறது. இனிமேல் அதை யாரிடமும் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது. சின்ன வயதில் உன்னிடம் இருந்த ஒரு நல்ல நாளைக்கூட மிச்சம் வைக்காத அப்பன் என்று நீ நினைத்தால், நினைக்கலாம். என்னோடு பேச மாட்டேன் என்றாலும் அது உன் உரிமை. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. இதைத் தபாலில் போட்டால் மூன்று நாள் ஆகும் என்று அம்மா இப்போதே போனில் படம் பிடித்து அனுப்பப் போகிறாள், நீ படித்ததற்கு அடையாளமாக அந்த நீலக் கோடு விழும்போது நான் வீட்டில் இருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

செட்டு வாங்கு, வாங்காமல் இரு. கையெழுத்துப் போடும் முன் ஒன்று மட்டும் செய். இன்ஜினை ஓட விட்டு, கண்ணாடியை ஏற்றி, உன் பாட்டை நீ கேட்கிற அளவிலேயே வை. பின்னால் நூறு அடி தள்ளி ஒரு ஆளை நிறுத்தி ஹாரன் அடிக்கச் சொல். உனக்குக் கேட்டால் எவ்வளவு பெரிய செட்டும் போட்டுக்கொள். கேட்கவில்லை என்றால் சத்தத்தை எங்கே நிறுத்த வேண்டும் என்றாவது தெரிந்துகொள்வாய்.

அதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. நேற்று நான் கிளம்பும்போது கலியமூர்த்தி வேலி வரைக்கும் வந்தார். “அந்தப் புள்ள நல்லா இருக்கானா?” என்று கேட்டார். நல்லா இருக்கான் என்றேன். படலைத் திறந்துவிட்டு, “வருவானா?” என்றார். உன்னைக் கேட்காமல் நான் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு எதுவும் சொல்ல வரவில்லை. “ஞாயித்துக்கெழமை காலையில வருவாண்ணே” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

அந்த மனிதர் விஷயத்தில் ஏற்கெனவே ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். இது இரண்டாவதாக ஆகிவிடாமல் நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உன் அப்பா
அரியலூர்